கால் பங்கா, மூன்றில் ஒரு பங்கா?

அலிப்பூர் தேசிய நூலக வாயிலில் 10 பேர் வரிசையில் நிற்பதாகக் கொள்வோம். அவர்கள் நிற்கக்கூடிய முறைகள் 36,28,800. அமுதா பாலனுக்கு முன்னால் நிற்க வேண்டுமெனில் அதில் சரிபாதி: 18,14,400. சாந்திக்கும் முன்னால் நிற்க வேண்டுமெனில்? மீண்டும் பாதியாக்கிக் கால் பங்கு என்று எழுதத் தோன்றும். அது பிழை. மூவருள் முதலில் நிற்கும் வாய்ப்பு மூவருக்கும் சமம். ஆகவே விடை மூன்றில் ஒரு பங்கு: 12,09,600. பாலனை முந்திய அமுதா சாந்தியையும் முந்தும் வாய்ப்பு பாதியன்று, மூன்றில் இரண்டு. நிபந்தனைகள் ஒன்றையொன்று சார்ந்தவை.

இவை பலவாகப் பின்னும்போது எண்ணுவது மிகக் கடினமான கணக்குகளுள் ஒன்றாகும் என 1991இல் பிரைட்வெல்லும் விங்க்ளரும் நிறுவினர். எல்லாவற்றுக்கும் பொருந்தும் எளிய வாய்பாடு இங்கில்லை. எனவே, தேர்வில் விடைக்கு மட்டுமன்றி, ‘ஏன் பாதி?’ என்னும் விளக்கத்துக்கும் மதிப்பெண் வழங்க வேண்டும்.