வெளிவிவகாரம் யார் வாயிலிருந்து வரவேண்டும்?

இலங்கையில் பாதுகாப்பும் வெளிவிவகாரமும் முப்பது ஆண்டுகள் ஒரே அமைச்சாக இருந்தன. சோல்பரி அரசியலமைப்பின் 46 ஆம் பிரிவு இவ்விரு பொறுப்புகளையும் பிரதமரே வகிக்கவேண்டும் என்று விதித்திருந்தது. பிரித்தானியாவுடனான பாதுகாப்பு உடன்படிக்கையும் வெளிவிவகார உடன்படிக்கையும் 1947 நவம்பர் 11 ஆம் திகதி ஒன்றாகவே கைச்சாத்தாகின. திருகோணமலைத் துறைமுகத்தையும் கட்டுநாயக்க விமானத்தளத்தையும் பிரித்தானியப் படைகள் 1957 வரை வைத்திருந்தது இந்த ஏற்பாட்டின் கீழ்தான். அந்த அமைச்சின் முதலாவது நிரந்தரச் செயலாளர், திருக்கேதீச்சரத் திருப்பணியோடு சேர்த்து நினைக்கப்படும் சேர் கந்தையா வைத்தியநாதன். அன்று அந்த நாற்காலியில் இருந்த ஒருவர் அயல்நாடு பற்றிப் பேசினால், தன் பொறுப்பில் உள்ள விடயத்தைப் பற்றியே பேசினார். இன்னொருவருடைய எல்லைக்குள் அவர் நுழைந்ததாக யாரும் சொல்லமுடியாது.

1977 இல் ஜே.ஆர். ஜயவர்தனவின் அரசாங்கம் இவற்றைப் பிரித்தது. ஏ.சி.எஸ். ஹமீட் தனியான வெளிவிவகார அமைச்சரானார். பிரிவினை காகிதத்தில் தெளிவாக நடந்தது, நடைமுறையில் நடக்கவில்லை. ஜனாதிபதியே முப்படைகளின் தளபதி. பாதுகாப்பு அமைச்சும் பெரும்பாலும் அவரிடமே இருந்து வந்திருக்கிறது. 2022 இன் 21 ஆவது திருத்தத்துக்குப் பின்னரும் அப்படித்தான். ஆகவே பாதுகாப்புச் செயலாளர் நாட்டின் தலைவருக்கு நேரடியாகப் பதில்சொல்பவர். வெளிவிவகாரச் செயலாளரோ ஓர் அமைச்சருக்குக் கீழே இருப்பவர். கொழும்பில் உள்ள தூதரகங்கள் இந்த ஏணியை நன்றாக அறியும். பாதுகாப்பு அமைச்சிலிருந்து வரும் சொல்லை அவை ஜனாதிபதியின் சொல்லாகவே எடுத்துக்கொள்கின்றன. 2005 நவம்பர் முதல் 2015 ஜனவரி வரை பாதுகாப்புச் செயலாளராக இருந்தவர் ஜனாதிபதியின் உடன்பிறந்த தம்பி கோட்டாபய ராஜபக்ஷ. அந்த ஒன்பது ஆண்டுகளில் அந்தச் சொல்லின் கனம் பலமடங்காகியது.

பாதுகாப்பு அதிகாரிகள் வெளிவிவகாரம் பற்றிப் பகிரங்கமாகப் பேச எழுத்திலுள்ள விதிகள் இடம் கொடுக்கவில்லை. அரசாங்க ஊழியர் கொள்கை விடயங்களில் ஊடகங்களுக்குக் கருத்துரைப்பதைத் தாபனக் கோவை கட்டுப்படுத்துகிறது. படையினருக்கு 1949 ஆம் ஆண்டின் இராணுவச் சட்டம் போன்ற தனிச்சட்டங்களும் ஒழுக்க விதிகளும் உண்டு. ஒரு கிராம சேவகரோ ஆசிரியரோ பத்திரிகைக்குப் பேட்டி கொடுத்தால் விளக்கம் கோரும் கடிதம் வந்துவிடும். மேல்மட்டத்தில் இருப்போர் பேசும்போது அந்தக் கோவையை எவரும் புரட்டிப் பார்ப்பதில்லை.

இதன் விளைவைக் கொழும்பின் வெள்ளவத்தையும் கொட்டாஞ்சேனையும் ஒருமுறை நேரடியாகக் கண்டன. போர்க்காலத்தில் இவ்விரு இடங்களின் லொட்ஜ்களில் தங்கியிருந்தவர்கள் பெரும்பாலும் வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் மலையகத்திலிருந்தும் வந்தவர்கள். கடவுச்சீட்டுக்காக, விசாவுக்காக, ஆஸ்பத்திரித் தவணைக்காக, வெளிநாட்டு வேலை ஏஜென்சியின் அழைப்புக்காக நாள்வாடகை கொடுத்துக் காத்திருந்தவர்கள். தலையணைக்கடியில் அடையாள அட்டையும் பொலிஸ் பதிவுத் துண்டும் இருக்கும். 2007 ஜூன் 7 ஆம் திகதி அதிகாலையில் பொலிஸார் வந்து இந்தக் கதவுகளைத் தட்டினார்கள். கொழும்பில் தங்குவதற்குத் தகுந்த காரணம் இல்லாதவர்கள் என்று சொல்லி 376 தமிழர்களை பஸ்களில் ஏற்றினார்கள். பெரும்பாலானோர் வவுனியாவில் இறக்கப்பட்டனர். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் தாக்கல்செய்த அடிப்படை உரிமை மனுவின்பேரில் மறுநாளே உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடையுத்தரவு பிறப்பித்தது. மேற்கு நாடுகளின் கண்டனங்கள் வரிசையாக வந்தன. பிரதமர் ரத்னசிறி விக்கிரமநாயக்க அரசாங்கத்தின் சார்பில் வருத்தம் தெரிவித்தார்.

விடயம் அத்துடன் அடங்கியிருக்கலாம். சில நாட்களுக்குள் பாதுகாப்புச் செயலாளர் கோட்டாபய ராஜபக்ஷ வெளிநாட்டு ஊடகங்களுக்குப் பேசினார். வெளியேற்றத்தை நியாயப்படுத்தினார், பிரித்தானியா உள்ளிட்ட நாடுகள் இலங்கையை மிரட்டுவதாகச் சொன்னார், ஐக்கிய நாடுகள் அமைப்புக்குள் புலிகள் ஊடுருவியிருப்பதாகக் குற்றஞ்சாட்டினார். பிரதமர் வருந்திய காரியத்தைச் செயலாளர் சரியென்றார். பிரித்தானியாவைப் பற்றியும் ஐ.நா. பற்றியும் அரசாங்கத்தின் நிலைப்பாட்டைச் சொல்லவேண்டிய வெளிவிவகார அமைச்சர், அதன்பின் எதைச் சொன்னாலும் அது மூன்றாவது குரலாகவே ஒலிக்கும் நிலை வந்தது. லொட்ஜுக்குத் திரும்பிவந்தவர்களுக்கு ஒரு கேள்வி மிஞ்சியது: பிரதமர், பாதுகாப்புச் செயலாளர் இவ்விருவரில் யாருடைய சொல்லை நம்பித் தங்குவது? வெளிநாட்டுக் கொள்கை என்பது தூதரக விருந்துகளோடு முடிந்துபோகிற காரியமென்று எண்ணுவோர் இந்த ஒரு வாரத்தைத் திரும்பிப் பார்க்கவேண்டும்.

அடுத்த ஆண்டு இராணுவத் தளபதியின் முறை. 2008 செப்டெம்பரில் சரத் பொன்சேகா கனடாவின் 'நஷனல் போஸ்ட்' பத்திரிகைக்கு அளித்த செவ்வியில், இந்த நாடு சிங்களவர்களுக்குரியது என்று தான் உறுதியாக நம்புவதாகவும் சிறுபான்மையினர் அளவுக்கு மீறிக் கேட்கக்கூடாது என்றும் கூறினார். இலங்கைத் தமிழர் பெருந்தொகையாக வாழும் ஒரு நாட்டின் பத்திரிகையில், பதவியிலிருக்கும் தளபதி ஒருவர் இதைச் சொன்னார். தமிழரும் சம உரிமையுள்ள குடிமக்கள் என்று ஒட்டாவாவில் விளக்கவேண்டிய இலங்கை உயர்ஸ்தானிகர் கையில் அதன்பின் என்ன இருந்திருக்கும்?

அதே ஆண்டு டிசம்பரில் இன்னொன்று நடந்தது. அப்போது படைகள் கிளிநொச்சியை நெருங்கிக்கொண்டிருந்தன. டிசம்பர் 4 ஆம் திகதி தமிழக முதலமைச்சர் மு. கருணாநிதி தலைமையில் தமிழகக் கட்சிகளின் குழு டில்லியில் பிரதமர் மன்மோகன் சிங்கைச் சந்தித்து, வெளியுறவு அமைச்சர் பிரணாப் முகர்ஜியைக் கொழும்புக்கு அனுப்புமாறு கேட்டது. சில நாட்களில் பொன்சேகா 'சண்டே ஒப்சேவர்' பத்திரிகையில், இந்தியா போர்நிறுத்தத்துக்கு வற்புறுத்தாது என்று சொன்னதோடு தமிழக அரசியல்வாதிகள் சிலரைக் கோமாளிகள் என்றார். டில்லி என்ன செய்யும் என்பதை டில்லிக்கு முன்பே ஓர் இராணுவத் தளபதி அறிவித்தார். அதுவும் அரசாங்கப் பத்திரிகையில். தமிழகத்தில் கொதிப்பு எழுந்தது. இலங்கை அரசாங்கம் வருத்தம் தெரிவிக்க நேர்ந்தது.

இதே காலத்தில் பாதுகாப்பு அதிகாரிகள் வெளிவிவகாரத்தைத் திறமையாகக் கையாண்ட ஒரு வழியும் இருந்தது என்பதையும் சொல்லவேண்டும். இலங்கையின் தரப்பில் ஜனாதிபதியின் ஆலோசகர் பசில் ராஜபக்ஷ, கோட்டாபய ராஜபக்ஷ, ஜனாதிபதியின் செயலாளர் லலித் வீரதுங்க. இந்தியாவின் தரப்பில் தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் எம்.கே. நாராயணன், வெளியுறவுச் செயலாளர் சிவசங்கர் மேனன், பாதுகாப்புச் செயலாளர் விஜய் சிங். இந்த மும்மூவர் குழு போரின் கடைசிக் காலத்தில் இரு தலைநகரங்களுக்கும் இடையே நேரடித் தொடர்பைப் பேணியது. அந்தப் போரின் முடிவை எப்படி மதிப்பிட்டாலும், வழிமுறை என்ற அளவில் அதிலிருந்து தெரிவது ஒன்றுண்டு. பாதுகாப்பு அதிகாரி அயல்நாட்டாரோடு பேசுவது தவறாகாது. மூடிய அறையில், வெளியுறவு அதிகாரியும் பக்கத்தில் இருக்கப் பேசும்போது, சொல்லை மாற்றிக்கொள்ள இரு தரப்புக்கும் வழி இருக்கிறது. ஒலிவாங்கிக்கு முன் சொன்னதை மாற்றிக்கொள்ள வழி கிடையாது. நாராயணன்கூட 2007 மே மாத இறுதியில் சென்னையில், இந்தியாவே இந்தப் பிராந்தியத்தின் பெரிய சக்தி, இலங்கை சீனாவிடமும் பாகிஸ்தானிடமும் ஆயுதத்துக்குப் போகக்கூடாது என்று பகிரங்கமாகச் சொல்லிக் கொழும்பில் எரிச்சலைக் கிளப்பினார்.

2014 இல் தவறு அமைச்சின் இணையத்தளத்தின் வழியே வந்தது. ஜூலை இறுதியில், பாதுகாப்பு மற்றும் நகர அபிவிருத்தி அமைச்சின் தளத்தில் ஒரு கட்டுரை வெளியானது. மீனவர் பிரச்சினை பற்றித் தமிழக முதலமைச்சர் ஜெயலலிதா பிரதமர் மோடிக்கு எழுதிவந்த கடிதங்களை அதன் தலைப்பு காதல் கடிதங்கள் என்று கொச்சைப்படுத்தியது. அதற்கு இசைவான படமும் சேர்க்கப்பட்டிருந்தது. ஒரு பெண்ணை, ஏழு கோடி மக்களின் முதலமைச்சரை, அண்டை நாட்டின் பாதுகாப்பு அமைச்சு இவ்வாறு சித்திரித்ததை மன்னிக்கத் தமிழகத்தில் எந்தக் கட்சியும் தயாராக இருக்கவில்லை. இந்தியப் பாராளுமன்றத்திலும் எதிர்ப்பு எழுந்தது. கட்டுரை உரிய அனுமதியின்றிப் பதிவேற்றப்பட்டது, அரசாங்கத்தின் நிலைப்பாட்டைப் பிரதிபலிக்கவில்லை என்று கூறி அமைச்சு அதை நீக்கியது. மோடியிடமும் ஜெயலலிதாவிடமும் நிபந்தனையற்ற மன்னிப்புக் கோரியது. எழுதியவர் அமைச்சின் அதிகாரி அல்லர், வெளிப் பத்தியாளர். ஆனால் எங்கே வெளியானது என்பதைத்தான் படித்தவர்கள் பார்த்தார்கள். படகும் வலையும் பறிபோய் நிற்கும் இராமேஸ்வரம் மீனவருக்கும், இழுவைப் படகுகளால் வலை அறுபட்ட யாழ்ப்பாண மீனவருக்கும் அந்த வாரம் எந்தத் தீர்வும் கிடைக்கவில்லை. பேச்சு முழுவதும் தலைப்பைப் பற்றியும் மன்னிப்பைப் பற்றியுமே ஓடியது.

2022 இன் யுவான் வாங் 5 விவகாரம் வேறு வகையானது. அந்தச் சீனக் கப்பல் அம்பாந்தோட்டைக்கு வர வெளிவிவகார அமைச்சு ஜூலை 12 ஆம் திகதி அனுமதி தந்தது. மக்கள் ஜனாதிபதி மாளிகைக்குள் புகுந்து மூன்று நாட்கள் ஆகியிருந்தன. மறுநாள் ஜனாதிபதி நாட்டைவிட்டுப் போய்விட்டார். அப்படியொரு அனுமதி இருப்பது பொதுமக்களுக்குத் தெரியாது. மாத இறுதியில் பாதுகாப்பு அமைச்சின் ஊடகப் பேச்சாளர்தான் கப்பல் வருவதை உறுதிப்படுத்தினார். இந்தியா கவலை தெரிவித்ததையடுத்து ஓகஸ்ட் 5 ஆம் திகதி வெளிவிவகார அமைச்சு வருகையைப் பிற்போடுமாறு சீனாவிடம் கேட்டது. 13 ஆம் திகதி மீண்டும் அனுமதித்தது. கப்பல் 16 ஆம் திகதி வந்து 22 ஆம் திகதி புறப்பட்டது. இதில் பாதுகாப்பு அமைச்சின் பேச்சாளரைக் குறைசொல்ல முடியாது. எந்தக் கப்பல், எந்தத் துறைமுகம், எத்தனை நாள் என்ற தகவலை அவர் சொன்னார். வெளிவிவகார அமைச்சு மௌனமாக இருந்ததால் அவர் பேசவேண்டி வந்தது. பாதுகாப்பு அதிகாரிகளுக்கு ஒட்டுமொத்தமாக வாய்ப்பூட்டுப் போடவேண்டும் என்போர் இந்த நிகழ்வைக் கணக்கில் எடுக்கவேண்டும். அவர்கள் வாய் மூடினால் மக்களுக்குச் சில உண்மைகள் தெரியாமலே போகும்.

தளபதிகள் அயல்நாடுகளைப் பற்றிப் பேசினால் என்ன ஆகும் என்பதில் பிற நாடுகளின் அனுபவமும் இலங்கையினுடையதையே ஒத்திருக்கிறது. 2020 மே மாதத்தில் இந்தியா அமைத்த லிபுலேக் பாதையை நேபாளம் எதிர்த்தபோது, அது வேறொருவரின் தூண்டுதலால் இருக்கலாம் என்று இந்திய இராணுவத் தளபதி நரவணே சொன்னார். பெயரைச் சொல்லாவிட்டாலும் சீனாவையே குறித்தார் என்று எல்லாரும் விளங்கிக்கொண்டனர். காத்மண்டு அதை அவமதிப்பாக எடுத்தது. சில நாட்களில் புதிய தேசப்படத்தையே வெளியிட்டது. ஜேர்மனியின் கடற்படைத் தளபதி ஷோன்பாக் 2022 ஜனவரியில் டில்லியில் ஓர் ஆய்வரங்கில், கிரைமியா உக்ரைனுக்கு இனித் திரும்பாது, புட்டினுக்கு மரியாதை கொடுக்கலாம் என்ற பொருளில் பேசினார். அடுத்த நாள் பதவி விலகினார். ஜேர்மனி அவர் கருத்தை விவாதித்துக்கொண்டிருக்கவில்லை. அவர் பேசிய இடத்தையும் அணிந்திருந்த சீருடையையும் பார்த்தது.

ஒரே மனிதர் வேறு நாற்காலியில் அமர்ந்து பேசுவது வேறு. 2012 முதல் 2014 வரை கடற்படைத் தளபதியாக இருந்த ஜயநாத் கொலம்பகே 2020 ஓகஸ்டில் வெளிவிவகாரச் செயலாளராகி, பாதுகாப்பு விடயத்தில் இலங்கை 'முதலில் இந்தியா' என்ற கொள்கையைப் பின்பற்றும் என்றார். அதைச் சொல்லும் அதிகாரம் அந்தப் பதவிக்கு உண்டு. ஓய்வுபெற்ற படையினரை வெளிவிவகார சேவையின் தலைமையில் அமர்த்துவது நல்லதா என்பது தனிக் கேள்வி. இராஜதந்திர சேவையில் ஆண்டுக்கணக்காகப் பயின்றவர்களுக்கு அது அநீதி என்பதே சரியான பதில்.

இன்றைய நிலையும் மாறவில்லை. 2025 ஏப்ரல் 5 ஆம் திகதி மோடியின் கொழும்பு விஜயத்தின்போது பாதுகாப்பு ஒத்துழைப்புப் புரிந்துணர்வு உடன்படிக்கை பரிமாறப்பட்டது. இந்தியாவின் சார்பில் நின்றவர் வெளியுறவுச் செயலாளர் விக்ரம் மிஸ்ரி. இலங்கையின் சார்பில் நின்றவர் பாதுகாப்புச் செயலாளர், ஓய்வுபெற்ற எயார் வைஸ் மார்ஷல் சம்பத் துய்யகொந்தா. அதன் வாசகத்தைப் பகிரங்கப்படுத்துமாறு எதிர்க்கட்சிகள் கேட்டன. இத்தகைய உடன்படிக்கை பற்றிய கேள்விக்குப் பாராளுமன்றத்தில் வெளிவிவகார அமைச்சர் எழுந்து பதில் சொல்லவேண்டும். பாதுகாப்புச் செயலாளரிடம் கேட்கவேண்டிய தொழில்நுட்பக் கேள்விகள் இருந்தால் துறைசார் மேற்பார்வைக் குழு அவரை அழைத்துக் கேட்கலாம். அந்தக் குழுவுக்கு அதற்கான அதிகாரம் இருக்கிறது.

எல்லையை எங்கே இடவேண்டும் என்பது மேற்சொன்ன நிகழ்வுகளிலிருந்தே கிடைக்கிறது. கப்பலின் வருகை, கூட்டுப் பயிற்சியின் திகதி, கைதான மீனவர் எண்ணிக்கை, கைப்பற்றிய போதைப்பொருளின் அளவு ஆகியவற்றைப் படைப் பேச்சாளர் சொல்லட்டும். விரைவாகவும் மூன்று மொழிகளிலும் சொல்லட்டும். இன்னொரு நாட்டின் நோக்கம், அதன் தலைவர்கள், அது அடுத்து என்ன செய்யும் என்பவை வந்தால் வெளிவிவகார அமைச்சின் எழுத்துமூல இசைவு இருக்கவேண்டும். இலங்கையின் இன உறவைப் பற்றி வெளிநாட்டு ஊடகத்திடம் பேசும் உரிமை சேவையிலுள்ள எந்தப் படை அதிகாரிக்கும் இருக்கக்கூடாது. செயலாளரும் தளபதியும் இந்த விதிக்கு விலக்காக முடியாது. இதுவரை நடந்த சேதம் அவர்கள் மட்டத்திலிருந்தே வந்திருக்கிறது.

இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. பாதுகாப்பு அமைச்சு ஜனாதிபதியின் கையில் இருக்கிறது. வெளிவிவகார அமைச்சர் அவருடைய அமைச்சரவையில் இருக்கிறார். இருவரும் இணங்கினால் ஒரு சுற்றறிக்கை போதும்.