கரிச் செலவும் ஈடும்: எல்லைக் கிராமங்களுக்குச் சேர வேண்டியது

நிலக்கரியின் மாசுக்கு விலை வைக்கும் முயற்சி இந்தியாவில் 2010இல் தொடங்கியது. டன்னுக்கு 50 ரூபாயாக இருந்த தூய ஆற்றல் மேல்வரி, 2016இல் 400 ரூபாயானது. இப்பணம் தேசியத் தூய ஆற்றல் நிதியத்துக்கு என்பதே ஏற்பாடு. 2017இல் ஜிஎஸ்டி வந்ததும் அந்த மேல்வரியின் இடத்தில், மாநிலங்களின் வரியிழப்பை ஈடுகட்டும் நிதிக்கான ஈட்டு மேல்வரி வந்தது. மின்கட்டணத்தின் வழியே இச்சுமையைத் தாங்கிய குடும்பங்களுக்கு நேரடி ஈடு எதுவும் இல்லை. இது அநீதி.

2025 செப்டம்பர் 22 முதல் நிலக்கரி மீதான ஈட்டு மேல்வரி நீங்கியது. ஆனால் ஜிஎஸ்டி 5லிருந்து 18 விழுக்காடாக உயர்ந்தது. நிலக்கரியை எரித்துத் தயாராகும் சிமெண்டுக்கோ அது 28லிருந்து 18 ஆகக் குறைந்தது. கேரளத்தின் பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைக் கிராமங்களில் வீடு கட்டுவோர் தமிழகத்தின் களியக்காவிளை கடைவிலையையும் சேர்த்தே ஒப்பிடுகிறவர்கள். ஜிஎஸ்டி வந்ததோடு அமரவிளை வணிகவரிச் சோதனைச்சாவடியின் காலம் முடிந்துவிட்டது. இருபுறமும் வரி ஒன்றுதான். எனவே விலை வேறுபட்டால் காரணத்தை வரியில் தேட முடியாது.

வரிக்குறைப்பின் பலனை நுகர்வோருக்குத் தராத நிறுவனங்கள் மீதான கொள்ளைலாபத் தடுப்புப் புகார்கள் 2025 ஏப்ரல் 1 முதல் புதிதாக ஏற்கப்படுவதில்லை. கண்காணிப்பு மிகவும் தேவைப்பட்ட வேளையில் அது இல்லாமற்போனது. இத்தனைக்கும், கூட்டுச் சேர்ந்து விலை நிர்ணயித்ததாக 2012இல் சிமெண்ட் நிறுவனங்களுக்கு 6,000 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது இந்தியப் போட்டி ஆணையம்.

இப்போது எஞ்சியிருப்பது 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதில் புகார் பதிவதற்கான விவரத்தை எல்லை ஊராட்சிகள் தமிழிலும் மலையாளத்திலும் அறிவிக்க வேண்டும். கொள்ளைலாபத் தடுப்பை மத்திய அரசு மீண்டும் உயிர்ப்பிக்க வேண்டும்.