பெரிய வண்டியா, சின்ன வண்டியா?

சென்ற வெள்ளிக்கிழமை எதிர் வீட்டுப் பெண், பத்து மாதக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். முகத்தில் வாட்டம்.

"அக்கா, மாமனார் தன்னோட பழைய எஸ்.யூ.வி.யை எங்களுக்கே குடுத்துடறேங்கறார். 'இரும்பு மாதிரி வண்டி, குழந்தைக்குப் பாதுகாப்பு'ன்னு இவரும் சொல்றார். எனக்கென்னவோ புதுசா ஒரு சின்ன செடான் வாங்கினா தேவலைன்னு தோணுது. 'உனக்கு வண்டியைப் பத்தி என்ன தெரியும்'னு வாயை அடைச்சுடறாங்க."

மாமனார் பேச்சிலும் நியாயம் உண்டு. ஏழு பேர் போகலாம். மேடு பள்ளத்தில் அடி தட்டாது. தன்னைவிடச் சிறிய வண்டியோடு மோதினால் கனமான வண்டிக்கு அடி குறைவுதான். ஆனால் புளியமரத்திலோ லாரியிலோ மோதினால்? அங்கே அந்தக் கனம் கை கொடுக்காது. புது வண்டிகளில் முன்பக்கம் நசுங்கி அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். நாம் உட்காரும் கூண்டு நிலைத்து நிற்கும். அப்படித்தான் அமைக்கிறார்கள்.

உயரமான செம்பையும் அகன்ற தாம்பாளத்தையும் தட்டிப் பாருங்கள். எது முதலில் கவிழும்? திடீரென்று வளைத்துத் திருப்பும்போது உயர வண்டிக்கும் அதே கதைதான்.

அந்த வண்டி 2010-ல் பதிவானது. காற்றுப் பை கிடையாது. பின்னால் இரண்டு பக்கமும் எதிரெதிராகப் பெஞ்சு. அதில் பெல்ட்டும் இல்லை. 2025-ல் 15 வருடம் முடிந்துவிட்டதால், தகுதிச் சோதனை செய்து 5 வருடத்துக்கு ஒரு முறை பதிவைப் புதுப்பிக்கவும் வேண்டும். 2024-ல் வந்த புது டிசையரைப் பாருங்கள். நீளம் 4 மீட்டருக்குள்தான். ஆனால் 6 காற்றுப் பைகள். குளோபல் என்கேப் மோதல் சோதனையில் பெரியவர்கள் பாதுகாப்புக்கு 5 நட்சத்திரம், குழந்தைகள் பாதுகாப்புக்கு 4.

"அப்ப புதுசையே வாங்கச் சொல்லவா அக்கா?"

"கையிலே பணம் இருக்கா?"

"அடுத்த தீபாவளிக்குத்தான்."

"அதுவரைக்கும் குழந்தை எங்கே உட்காரும்?"

"என் மடியிலேதான்!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மணிக்கு 50 கிலோமீட்டரில் போகும் வண்டி மோதி நின்றால், 10 கிலோ குழந்தை நூறு கிலோவுக்கு மேல் கனமாகி முன்னே பாயும். எந்தத் தாயின் கையும் அதைப் பிடித்து நிறுத்தாது. ஆகவே, எந்த வண்டியானாலும் இவற்றை மறக்காதீர்கள்:

* குழந்தை இருக்கையை நடு வரிசையில், தோளையும் இடுப்பையும் பிடிக்கும் பெல்ட் உள்ள இடத்தில் இறுக்கிப் பொருத்துங்கள். கைக்குழந்தையின் முகம் வண்டியின் பின்பக்கம் பார்க்கட்டும்.

* காற்றுப் பை உள்ள முன் சீட்டில் அப்படிப் பின்பக்கம் பார்க்கும் இருக்கையை வைக்கவே கூடாது. பை விரியும் வேகம் குழந்தைக்கு ஆபத்து.

* பக்கவாட்டுப் பெஞ்சில் பெட்டி படுக்கை போகட்டும், பிள்ளைகள் வேண்டாம்.

* உயர வண்டியைப் பின்னால் எடுக்கும்போது, தவழும் குழந்தை கண்ணாடியில் தெரியாது. குழந்தை யார் கையில் என்று பார்த்த பிறகே சாவியைத் திருப்புங்கள்.

14 வயதுக்குட்பட்ட பிள்ளையைப் பெல்ட்டோ, குழந்தை இருக்கையோ இல்லாமல் அழைத்துப் போனால், 2019-ல் திருத்திய சட்டப்படி 1,000 ரூபாய் அபராதமும் உண்டு.

செடான் தீபாவளி வரை காத்திருக்கலாம். குழந்தை இருக்கை காத்திருக்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை எட்டிப் பார்த்தேன். மாமனாரே குனிந்து அதைப் பொருத்திக்கொண்டிருந்தார்!