பாயை விலக்கும் உரிமை



சென்ற மாதம் இந்தப் பக்கத்தில் என் எழுத்தைக் காணவில்லை என்று சிலர் விசாரித்திருந்தீர்கள். மகளின் பிள்ளைப்பேற்றுக்காக நானும் இவரும் நியூசிலாந்தின் ஒக்லாந்து நகரத்துக்குப் போயிருந்தோம். ஊர் திரும்ப இரண்டு கிழமை இருக்கையில் மகள் இரண்டு விமானச் சீட்டுகளைக் கையில் தந்தாள்.

"கலியாணம் முடிச்சு நாற்பது வருஷமாகுது. நீங்கள் ரெண்டுபேரும் தனிய ஓரிடமும் போகேல்லை. நாலு நாளைக்குச் சமோவாவுக்குப் போட்டு வாங்கோ" என்றாள்.

அவள் சொன்னது உண்மைதான். நாங்கள் சேர்ந்து போன பயணங்களெல்லாம் மூட்டை முடிச்சோடு இடம்பெயர்ந்த பயணங்களே.

ஒக்லாந்திலிருந்து ஏறக்குறைய நான்கு மணித்தியால விமானப் பயணம். பசிபிக் சமுத்திரத்தின் நடுவே உள்ள பொலினீசியத் தீவுக்கூட்டங்களில் சமோவாவும் ஒன்று. சுமார் இரண்டு இலட்சம் மக்கள்தான். உப்போலு, சவாயி என்று இரண்டு பெரிய தீவுகள். முன்பு ஜேர்மனியரும், 1914 முதல் நியூசிலாந்தும் ஆண்ட நாடு, 1962 ஜனவரி 1ஆம் திகதி சுதந்திரமடைந்தது. நாங்கள் தங்கியது உப்போலுவின் தென்கிழக்கு மூலையில் உள்ள லலோமானு என்ற கிராமத்தில். கடற்கரை மணலிலே, சுவரே இல்லாத ஓலைக் குடில். அதை 'ஃபாலே' என்கிறார்கள். நாலு பக்கமும் தூண்கள். மழை வந்தால் ஓலைத் தட்டியை இறக்கிவிட வேண்டியதுதான். சுவரில்லாத இடத்தில் எப்படிப் படுப்பது என்று முதல் இரவு எனக்கு நித்திரையே வரவில்லை.

பார்க்கப் பார்க்க ஊர் நமக்குப் புதிதாகத் தெரியவில்லை. தென்னை, வாழை, ஈரப்பலா. சேம்பிலைக்குள் தேங்காய்ப்பாலை விட்டுக் கட்டி, சூடான கற்களின்மேல் வேகவைத்துத் தந்தார்கள். பின்னேரம் சங்கோ மணியோ ஒலித்தால் ஊர் அடங்கி வீடுகளுக்குள் பிரார்த்தனை நடக்கிறது. எங்கள் கிழக்கு மாகாணச் சகோதரிகளுக்கு இந்தக் கரையின் துயரமும் விளங்கும். 2009 செப்டெம்பர் 29ஆம் திகதி காலையில் வந்த சுனாமி சமோவாவில் 140இற்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. மிக மோசமாக அடிபட்ட ஊர்களில் லலோமானுவும் ஒன்று. அதன்பின் பல குடும்பங்கள் கரையை விட்டு மேட்டு நிலத்துக்குக் குடிபெயர்ந்தன.

இரண்டாம் நாள் காலை, குடில்களின் சொந்தக்கார அம்மாவின் வீட்டுக்குப் போனோம். அவவுக்கும் என் வயதிருக்கும். முற்றத்தில் சீமெந்தால் கட்டிய ஒரு சமாதி. அதன் பக்கத்தில் இருந்துகொண்டு அவ தாழை ஓலையில் பாய் பின்னிக்கொண்டிருந்தா. பேரப்பிள்ளைகள் சமாதியின்மேல் ஏறி விளையாடினார்கள். நான் திகைத்துப்போனேன். இறந்தவர்களை வீட்டு வாசலிலேயே அடக்கம் செய்வது அங்கே வழக்கமாம்.

"இது என் அம்மா. இங்கே இருந்தால்தான் தனிமைப்படமாட்டா" என்று அவ சொன்னதை, தபாற்கந்தோரில் வேலை செய்து ஆங்கிலம் பழகிய இவர் எனக்குத் தமிழில் சொன்னார். சொல்லி முடித்ததும் முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டார். ஏனென்று எனக்குத் தெரியும்.

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு, வலிகாமம் முழுவதும் தென்மராட்சியை நோக்கி நடந்த கதை உங்களில் பலருக்குத் தெரியும். என் அம்மா அப்போது படுத்த படுக்கை. சைக்கிளில் இரண்டு பிள்ளைகள், ஒரு சாக்கு அரிசி. "நாளைக்கு நான் வந்து மாமியை ஏத்திக்கொண்டு வாறன், இப்ப வெளிக்கிடும்" என்று இவர் சொன்னார். அந்த நாளை வரவேயில்லை. அடுத்த வருஷம் நாங்கள் திரும்பியபோது வீட்டில் அம்மா இல்லை. ஆர் எடுத்தார்கள், எங்கே எரித்தார்கள், ஒன்றும் தெரியாது. இவர் அதைப்பற்றி ஒருநாளும் கதைத்ததில்லை. நானும் கேட்டதில்லை. கேட்காமலே முப்பது வருஷமாக மனதுக்குள் இவரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தி வைத்திருந்தேன்.

அந்த அம்மா பின்னிய பாய்க்கு வருவோம். அது படுக்கிற பாய் இல்லை. 'இயே தோங்கா' என்று பெயர். தாழை ஓலையைப் பதப்படுத்தி, உலர்த்தி, மெல்லிய கீற்றாகக் கிழித்துப் பின்னுவார்கள். கீற்று எவ்வளவு மெல்லியதோ அவ்வளவு மதிப்பு. நல்ல பாய் ஒன்றுக்கு மாதக் கணக்கில், சிலவேளை வருஷக் கணக்கில் செல்லும். பின்னுவது பெண்கள். கலியாணம், செத்தவீடு, பட்டம் சூட்டல் எதுவும் இந்தப் பாய் இல்லாமல் நடக்காது. 2019ஆம் ஆண்டு யுனெஸ்கோ இதை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்த்தது.

இதற்கு இன்னுமொரு பயன் உண்டு. ஒரு குடும்பத்தவர் இன்னொரு குடும்பத்துக்குக் கொலை போன்ற பெருந்தீங்கு செய்துவிட்டால், தீங்கு செய்த பக்கத்தின் பெரியவர்கள் விடியமுன் போய்ப் பாதிக்கப்பட்டவர்களின் வீட்டு வாசலில் இருப்பார்கள். தலைக்குமேல் இந்தப் பாயைப் போர்த்திக்கொண்டு, குனிந்தபடி காத்திருப்பார்கள். இதை 'இஃபோங்கா' என்கிறார்கள். பாதிக்கப்பட்டவர்கள் வந்து பாயை விலக்கினால் மன்னிப்பு. உள்ளே அழைத்துக் கதைப்பார்கள். விலக்காமலும் விடலாம். போர்த்தியிருப்பவர் தானாகப் பாயை எடுத்துவிட்டு, "சரி, முடிந்தது" என்று எழும்ப முடியாது.

அரசுகளும் இந்த மண்ணுக்கு மன்னிப்புச் சொல்லியிருக்கின்றன. 1929 டிசெம்பர் 28ஆம் திகதி தலைநகர் அப்பியாவில் சுதந்திரம் கேட்டு அமைதியாக ஊர்வலம் போனவர்கள்மீது நியூசிலாந்துப் பொலிசார் சுட்டார்கள். தலைவர் மூன்றாம் துபுவா தமசேசே லெயலோஃபியும் மற்றும் பலரும் இறந்தார்கள். ஆண்கள் காட்டுக்குள் ஓடி ஒளிந்தபோது போராட்டத்தைப் பெண்களே கொண்டு நடத்தினார்கள். கொல்லப்பட்ட தலைவரின் மனைவியும் முன்னணியில் நின்றார். 2002இல் பிரதமர் ஹெலன் கிளார்க் அப்பியாவுக்கே வந்து மன்னிப்புக் கேட்டார். 1970களில் பசிபிக் தீவு மக்களின் வீடுகளில் விடியற்காலையில் பொலிசார் புகுந்து தேடியதற்காக, 2021 ஓகஸ்ட் 1ஆம் திகதி ஒக்லாந்தில் பிரதமர் ஜசிந்தா ஆர்டன் மன்னிப்புக் கேட்டபோது, அவர் தலைக்குமேலும் இந்தப் பாய் போர்த்தப்பட்டது. பசிபிக் சமூகத்தவர் வந்து அதை விலக்கி அவரை அணைத்துக்கொண்டார்கள்.

கடைசி இரவு மழை. தட்டியை இறக்கிவிட்டு இருந்தோம். இவர் நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: "உம்மட அம்மாவை விட்டிட்டு வரச் சொன்னது நான்தான். அதுக்கு ஒருநாளும் உம்மட்ட மன்னிப்புக் கேக்கேல்லை. பயமாயிருந்தது."

எனக்கு உடனே வாய் வரவில்லை. கோபம் போய்விட்டது என்று பொய் சொல்லவும் மனமில்லை. மழை விட்டபிறகு, "நானும்தானே கதவைச் சாத்திப்போட்டு வந்தனான். இத்தனை வருஷமா அதை உங்கட தலையில போட்டிட்டன்" என்றேன். இருவரும் அழுதோம். முப்பது வருஷத்தில் முதல் தடவையாக அம்மாவைப்பற்றி விடியும்வரை கதைத்தோம். அவவின் கைப்பக்குவம், ஏச்சு, வெற்றிலைப் பெட்டி எல்லாம்.

சகோதரிகளே, எல்லோரும் மன்னித்துவிடுங்கள் என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. உங்கள் வாசலில் வந்து இருக்கவேண்டியவர்கள் இன்னும் வரவில்லை என்பது எனக்குத் தெரியும். காணாமற்போன பிள்ளையின் படத்தோடு வீதியில் இருக்கும் தாயிடம், "மறந்துவிடு, முன்னேறு" என்று சொல்ல எவருக்கும் உரிமை இல்லை. வருபவர் வரட்டும், குனிந்து காத்திருக்கட்டும். பாயை எப்போது விலக்குவது, விலக்குவதா இல்லையா என்பது பாதிக்கப்பட்டவளின் கையில்தான்.

ஆனால் வீட்டுக்குள்ளே, ஒரே கூரையின்கீழ், புருஷனுக்கும் பெண்சாதிக்கும், தாய்க்கும் மகளுக்கும் இடையில் இந்த யுத்தம் போட்டுவிட்டுப் போன மௌனங்கள் உண்டு. அங்கே நாங்கள் சிலவேளை வாசலில் இருப்பவர்கள், சிலவேளை பாயை விலக்க வேண்டியவர்கள். அதற்கு அரசாங்கம் வரத் தேவையில்லை.

அம்மாவின் திதி எங்களுக்குத் தெரியாது. சித்திராப் பௌர்ணமிக்கு நான் மட்டும் விரதம் இருப்பேன். வருகிற சித்திரைக்குத் தானும் இருக்கப்போவதாக இவர் சொல்லியிருக்கிறார்.

அடுத்த மாதம் சந்திப்போம்.