ரிசல்ட் வந்த பிறகா யோசிப்பது?



ஒவ்வோர் ஆண்டும் மே மாதம் நம் மஹல்லாக்களில் ஒரே காட்சிதான். பிளஸ் டூ ரிசல்ட் வருகிறது. பிள்ளை நல்ல மார்க் வாங்கிவிட்டான் என்று இனிப்பு கொடுக்கிறோம். மறுநாள் காலையில் ஓட்டம் தொடங்குகிறது. சாதிச் சான்றிதழுக்குத் தாலுகா ஆபீஸ், வருமானச் சான்றிதழுக்கு இ-சேவை மையம், ஃபீசுக்கு ஜமாஅத் தலைவர் வீடு, சிபாரிசுக் கடிதத்துக்கு இயக்க அலுவலகம். ஜூன் முடிவதற்குள் ஓட்டமும் நின்றுவிடுகிறது. பையன் கடைக் கல்லாவில் உட்கார்ந்து விடுகிறான். இல்லையென்றால் பாஸ்போர்ட்டுக்கு மனுப் போட்டு விடுகிறான். பெண்பிள்ளைக்கு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கி விடுகிறோம். அதன் பிறகு, "நமக்கு யார் சீட் கொடுக்கிறார்கள்?" என்று டீக்கடையில் உட்கார்ந்து புலம்புகிறோம்.

கசப்பாக இருந்தாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். அந்த சீட் மே மாதத்தில் பறிபோகவில்லை. பிள்ளை எட்டாவது, ஒன்பதாவது, பத்தாவது படித்தபோது நாம் செய்யாமல் விட்ட காரியங்களால், கொஞ்சம் கொஞ்சமாகக் கைநழுவிப் போனது.

2006இல் சச்சார் குழு தன் அறிக்கையைக் கொடுத்தது. 20 வயதைக் கடந்த முஸ்லிம்களில் பட்டமோ டிப்ளமோவோ பெற்றவர்கள் 4 சதவீதம்கூட இல்லை, நாட்டின் பொதுச் சராசரியோ சுமார் 7 சதவீதம் என்று அது எடுத்துச் சொன்னது. 2007இல் தமிழகத்தில் 3.5 சதவீதத் தனி ஒதுக்கீடு வந்தது. எத்தனை மாநாடு, எத்தனை பேரணி, எத்தனை சிறைவாசம்! ஆனால் ஒதுக்கீடு என்பது திறந்து வைத்த கதவு மட்டுமே. உரிய நாளில் உரிய காகிதத்தோடு அந்த வாசலில் போய் நிற்பவனுக்குத்தான் அது பயன்படும்.

முதலில் காகிதத்தைப் பார்ப்போம். அன்சார், தக்கனி முஸ்லிம், தூதேகுலா, லெப்பை (ராவுத்தர், மரைக்காயர் உட்பட), மாப்பிள்ளை, ஷேக், சையத் என்ற 7 பிரிவினரே மாநிலத்தின் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம் பட்டியலில் இருக்கிறார்கள். பள்ளிப் பதிவேட்டில் வெறுமனே 'இஸ்லாம்' என்று எழுதியிருந்தால் போதாது. மத்திய அரசுக் கல்வி நிறுவனங்களுக்கு ஓபிசி சான்றிதழ் தனி. மத்தியப் பட்டியலும் தனி. அதில் நம் பிரிவு இருக்கிறதா என்று பார்த்து, தனியாக விண்ணப்பிக்க வேண்டும்.

அடுத்தது பெயர். ஒரே பிள்ளை ஆதாரில் 'முகமது', பள்ளியில் 'முஹம்மது', வங்கிக் கணக்கில் 'முகம்மத்'. ஆங்கில எழுத்திலோ கேட்கவே வேண்டாம். தந்தை பெயரின் இனிஷியலும் இடத்துக்கு இடம் மாறும். உதவித்தொகை மனு கம்ப்யூட்டரில் தடைபட்டு நிற்பதற்கு இந்த எழுத்து வேறுபாடே போதும். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் எந்தப் பெயர் அச்சாகிறதோ அதுவே காலமெல்லாம் கூட வரும். ஆகவே ஒன்பதாம் வகுப்பிலேயே எல்லா இடத்திலும் ஒரே எழுத்தாகத் திருத்தி வைப்பது பெற்றோரின் கடமை.

இளைஞனே! உதவித்தொகை கல்லூரியில்தான் தொடங்கும் என்று யார் சொன்னது? அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளில் எட்டாவது படிக்கும் உன் தம்பி தேசிய வருவாய்வழித் திறன் தேர்வை எழுதலாம். பெற்றோரின் ஆண்டு வருமானம் மூன்றரை லட்சத்துக்குள் இருந்து, தேர்விலும் தேறினால் ஒன்பதாவது முதல் பன்னிரண்டாவது வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். நான்கு ஆண்டில் 48,000. அதைத் தொடாமல் வங்கியில் சேர்த்து வைத்தால் கல்லூரியின் முதல் ஃபீஸ் அங்கேயே தயார்!

பள்ளியைத் தேர்ந்தெடுக்கும்போதும் கணக்குப் பார்க்க வேண்டும். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத இட ஒதுக்கீட்டுச் சட்டம் 2020இல் வந்தது. 2021இல் பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற படிப்புகளுக்கும் விரிந்தது. அரசுப் பள்ளியில் படித்து மேற்படிப்புக்குப் போகும் மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022இலும், மாணவர்களுக்கான தமிழ்ப்புதல்வன் 2024இலும் தொடங்கின. அரசு உதவிபெறும் பள்ளிகளின் தமிழ்வழி மாணவர்களும் இவற்றில் சேர்க்கப்பட்டார்கள். நம் சமுதாயம் நடத்தும் பள்ளிகளில் பல உதவிபெறும் பள்ளிகள் ஆயிற்றே! கௌரவத்துக்காகக் கடன் வாங்கி மெட்ரிகுலேஷனில் சேர்க்கும் முன் இதையெல்லாம் ஒருமுறை எண்ணிப் பாருங்கள். நிபந்தனைகள் ஆண்டுதோறும் மாறக்கூடும். தலைமையாசிரியரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

பத்தாவது முடித்ததும் எடுக்கும் குரூப் பாதி வாழ்க்கையைத் தீர்மானித்து விடுகிறது. கணக்கு இல்லாமல் பொறியியல் கிடையாது. உயிரியல் இல்லாமல் மருத்துவம் கிடையாது. நண்பன் எடுத்தான் என்பதற்காக நீயும் எடுக்காதே. வியாபாரி வீட்டுப் பிள்ளைக்கு வணிகவியல் இரத்தத்திலேயே ஊறியது. சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட் படிப்பின் முதல் நிலைக்குப் பத்தாவது முடித்ததுமே பெயர் பதிந்து கொள்ளலாம் என்பது எத்தனை கடைக்காரர்களுக்குத் தெரியும்?

இனிப் பணம். குடும்பத்தில் பட்டதாரியே இல்லாதவர்களுக்குக் கலந்தாய்வு வழியாகச் சேரும் தொழிற்படிப்புகளில் கல்விக் கட்டணச் சலுகை 2010 முதல் உண்டு. அதற்கான சான்றிதழை முன்கூட்டியே வாங்க வேண்டும். மத்திய அரசின் சிறுபான்மையினர் உதவித்தொகையை மட்டும் நம்பியிருப்பது அறிவுடைமையாகாது. 2022இல் ஒன்று முதல் எட்டு வகுப்பு வரையிலான உதவித்தொகை நிறுத்தப்பட்டது; ஆய்வு மாணவர்களுக்கான மௌலானா ஆசாத் ஃபெல்லோஷிப்பும் அதே ஆண்டு கைவிடப்பட்டது. நிறுத்தியதை எதிர்த்துக் குரல் கொடுப்போம்; அது நம் உரிமை. ஆனால் அந்தக் குரல் டெல்லியை எட்டும் வரை கல்லூரி ஃபீஸ் கட்டும் தேதி காத்திருக்காது.

வங்கிக் கடன் இருக்கிறதே என்பார்கள். வட்டிக்கு அஞ்சி ஒதுங்குகிறான் நம் சகோதரன். அவனது பேணுதலைப் பாராட்டுகிறோம். ஆனால் பாராட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடலாமா? ஹராம் என்று சொல்லத் தெரிந்த சமுதாயம், ஹலாலான மாற்று வழியையும் காட்டக் கடமைப்பட்டதல்லவா? வழிகாட்டாமல் விட்டால் ஒரு பிள்ளை வட்டியில் விழும். இன்னொரு பிள்ளை படிப்பையே விடும். இரண்டுக்கும் நாமே பொறுப்பு.

வணிகப் பெருமக்களே! ஒரு கடைத்தெருவில் நம்மவர் கடை 100 இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கடைக்கு நாளொன்றுக்கு 10 ரூபாய். ஆண்டுக்கு 3,65,000 ரூபாய் சேரும். பிள்ளைக்கு 50,000 வீதம் 7 பேருக்கு வட்டியில்லாக் கடன் கொடுக்கலாம். வேலைக்குப் போனதும் அவர்கள் திருப்பிக் கட்டுவது அடுத்த 7 பேருக்கு. இது புதிய யோசனையும் அல்ல. இஸ்லாமிய வளர்ச்சி வங்கி 1983இல் தொடங்கிய மாணவர் உதவித் திட்டம் இதே அடிப்படையில் அமைந்ததுதான்: மாணவனுக்கு அது வட்டியில்லாக் கடன், அவன் திருப்பித் தருவது அவன் சமுதாயத்தின் அடுத்த பிள்ளைக்கு.

ஜகாத்தையும் எண்ணிப் பாருங்கள். அண்மை ஆண்டுகளில் ரமலான் கோடைக்கு முன்பே வந்து போய்விடுகிறது. நூறும் இருநூறுமாகச் சில்லறை மாற்றி விநியோகித்து முடித்து விடுகிறோம். ஜூனில் தகுதியுள்ள ஏழை மாணவன் வந்து நிற்கும்போது பைத்துல்மாலில் பணம் இல்லை. ரமலானிலேயே அவன் யார் என்று தெரிந்திருந்தால் அவனுக்கென ஒரு பங்கு ஒதுக்கியிருக்கலாமே! தெரியாமல் போனதற்குக் காரணம், யாரும் பட்டியல் எடுக்கவில்லை.

1919இல் வாணியம்பாடியில் இஸ்லாமியாக் கல்லூரி எழுந்தது. 1951இல் திருச்சியில் ஜமால் முகமது கல்லூரியும் சென்னையில் புதுக்கல்லூரியும் எழுந்தன. 1955இல் அதிராம்பட்டினத்திலும் 1965இல் மேல்விஷாரத்திலும் கல்லூரிகள் வந்தன. தோல் மண்டியிலும் கடைவீதியிலும் ஈட்டிய பணத்தை அள்ளிக் கொடுத்தவர்கள் நம் முன்னோர்கள். அவர்கள் கல்லூரியையே கட்டிக் கொடுத்தார்கள். அதன் வாசல்வரை ஒரு பிள்ளையைக் கைப்பிடித்து அழைத்துச் செல்லவும் நம்மால் முடியாதா?

ஒவ்வொரு ஜமாஅத்தும் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கட்டும். மஹல்லாவில் எட்டு முதல் பன்னிரண்டு வரை படிக்கும் ஆண், பெண் பிள்ளைகள் அத்தனை பேரின் பெயரும் அதில் ஏறட்டும். யாருக்குச் சான்றிதழ் இல்லை, யாருக்குப் பெயர் திருத்த வேண்டும், யாருக்கு எவ்வளவு பணம் தேவை என்று பெயருக்கு எதிரே குறிக்கட்டும். பட்டம் பெற்ற இளைஞர்கள் இருவர் மாதம் ஒரு ஜும்ஆவுக்குப் பின் அமர்ந்து மனு எழுதிக் கொடுக்கட்டும்.

இதற்கு மாநாடு வேண்டாம், மேடை வேண்டாம். வரும் வெள்ளிக்கிழமையே தொடங்கலாம். இன்று ஒன்பதாவது படிக்கும் பிள்ளை கல்லூரிக்கு மனுப் போட இன்னும் நான்கு ஆண்டுகூட இல்லை.

சிந்திப்பீர்! செயல்படுவீர்!