சுருங்கை: தஞ்சை மண்ணுக்கடியில் தேடுவதும் தேடாததும்

தஞ்சாவூரைப் பற்றி வெளியூர் அன்பர்கள் வினவும் முதல் வினா, பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழுமா என்பது. இரண்டாவது வினா, அரண்மனையிலிருந்து புறப்படும் சுரங்கப்பாதை எங்கே சென்று முடிகிறது என்பது. முதல் வினாவுக்கு விடை காணல் எளிது. காலையிலோ மாலையிலோ கோயிலுக்குச் சென்றால், அந்நிழலிலேயே அமர்ந்து இளைப்பாறலாம். இரண்டாவது வினா அவ்வளவு எளிதில் அடங்குவதில்லை. பெரிய கோயிலிலிருந்து அரண்மனைக்கு ஒன்று, அரண்மனையிலிருந்து பழையாறைக்கு ஒன்று, கங்கைகொண்ட சோழபுரத்துக்கு ஒன்று, திருச்சி மலைக்கோட்டைக்கு ஒன்று எனச் சுரங்கங்கள் வாய்மொழியிலேயே வெட்டப்பட்டு வருகின்றன. குதிரை மீது அமர்ந்தபடியே போகலாம் என்பாரும் உளர். நம் வகுப்பறைகளிலும் ஆண்டுதோறும் ஒரு மாணவராவது இக்கதையைக் கொண்டு வரத் தவறுவதில்லை.

தஞ்சைக்கடியில் பாதைகள் உண்டு. அவை மன்னர் தப்பி ஓடிய பாதைகள் அல்ல. தண்ணீர் நடந்து வந்த பாதைகள். முன்னதைத் தேடுகின்ற ஆர்வத்தில் பின்னதை நாம் இழந்துகொண்டிருக்கிறோம் என்பதே என் கருத்து.

முதலில் மண்ணைக் கேட்போம். தஞ்சையிலிருந்து திருவையாற்றுக்குப் பதின்மூன்று கிலோமீட்டர் தொலைவுதான். அதற்குள் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என ஐந்து ஆறுகளைப் பேருந்து கடக்கிறது. கங்கைகொண்ட சோழபுரம் செல்வோர் கொள்ளிடத்தையும் கடத்தல் வேண்டும். ஆற்று வண்டல் படிந்த நிலத்தில், ஆறுகளின் படுகைக்கும் கீழே, நீர் கசியாத பாதையொன்றைப் பல காத தூரம் அமைப்பது எத்தகைய செயல் என்பதை வயலில் மண்வெட்டி பிடித்த எந்த உழவரும் சொல்வார். நடவுக் காலத்தில் நான்கைந்து முழம் தோண்டினாலே ஊற்றுப் பெருகும் நிலம் இது. நகரின் மேற்கும் தெற்கும் வல்லம் மேட்டுநிலத்தைச் சேர்ந்த செம்மண் பூமி. ஆங்கே நிலவறைகள் அமைத்தல் இயலும். அரண்மனைகளில் அத்தகைய அறைகள் இருந்தமையை எவரும் மறுப்பதற்கில்லை. எனினும் நிலவறை வேறு, நெடுஞ்சுரங்கம் வேறு.

அடுத்து வரலாற்றைக் கேட்போம். தப்பிச் செல்லும் வழி இருந்திருப்பின் அது பயன்பட்டிருக்க வேண்டிய வேளைகள் இரண்டு. 1673 ஆம் ஆண்டில் மதுரைச் சொக்கநாத நாயக்கரின் படை தஞ்சைக் கோட்டைக்குள் புகுந்தது. முதியவரான விசயராகவ நாயக்கர் சுரங்கத்துள் இறங்கவில்லை. அந்தப்புரத்தை வெடிமருந்துக்கு இரையாக்கும்படி ஆணையிட்டுவிட்டு, மைந்தருடன் போர்க்களம் சென்று மாண்டார். அக்குடியின் குழந்தையொன்று மட்டும் செவிலி ஒருத்தியால் காப்பாற்றப்பட்டு நாகப்பட்டினம் போய்ச் சேர்ந்தது என்பர். ஒரு நூற்றாண்டு கழித்து 1773 இல் ஆர்க்காட்டு நவாபும் ஆங்கிலேயரும் கோட்டையைப் பிடித்தபோது, மராட்டிய மன்னர் துளஜா சிறைப்பட்டார். 1776 இல்தான் அரசு மீண்டது. நெருக்கடி வந்த இருமுறையும் அரசர்க்கு அகப்படாத பாதை, சுற்றுலா வழிகாட்டிகளுக்கு மட்டும் எப்படி அகப்பட்டதோ!

இக்கதைகள் பரவியமைக்குக் கல்கியின் 'பொன்னியின் செல்வன்' ஒரு காரணம் எனலாம். 1950 முதல் 1954 வரை தொடராக வந்த அப்புதினத்தில் பழுவேட்டரையர் மாளிகையின் நிலவறையும் சுரங்கவழியும் எவ்வளவு சுவையாக அமைந்துள்ளன என்பது கற்றோர் அறிந்ததே. 2022, 2023 ஆம் ஆண்டுகளில் திரைப்படமும் வந்த பின்னர் புதிய தலைமுறைக்கும் அச்சுவை பற்றிக்கொண்டது. புதினத்தைக் குறைகூற எனக்கு மனமில்லை. அதைப் படித்துத் தமிழ்த்துறைக்கு வந்து சேர்ந்த மாணவர் பலர். ஆனால் கற்பனையாகப் படைக்கப்பட்ட வழியைக் கடப்பாரை கொண்டு தேடுவது கல்கிக்குச் செய்யும் சிறப்பன்று.

தமிழாசிரியன் என்ற முறையில் எனக்கு வியப்பளிப்பது சொல்லின் வரலாறு. சுரங்கம் என்று இன்று நாம் வழங்கும் சொல்லின் பழைய வடிவமாகச் 'சுருங்கை' என்பது நம் இலக்கியத்தில் பயில்கிறது. 'சிரிங்ஸ்' என்னும் கிரேக்கச் சொல்லோடு இதனைத் தொடர்புபடுத்தும் மொழியறிஞரும் உளர். குழல் என்பது அக்கிரேக்கச் சொல்லின் பொருள். சிலப்பதிகாரத்து ஊர்காண் காதையில் கோவலன் மதுரை மாநகருட் புகும்போது, யானை நிரைகள் சென்றுவரும் சுருங்கை வீதியின் பக்கமாகச் செல்கிறான். மணிமேகலையில் வஞ்சி நகரத்து மனைகளில் மகளிர் நீராடிய நறுமண நீர் சுருங்கைத் தூம்பின் வழியே ஓடி அகழியிற் கலக்கிறது. பரிபாடலில் வையையைப் பாடும் இருபதாம் பாடல், சுருங்கை வழியே பாயும் நீரை யானை துதிக்கையால் சொரியும் நீருக்கு ஒப்பிடுகிறது. மூன்று இடங்களுள் இரண்டில் சுருங்கையில் ஓடுவது தண்ணீரே. எஞ்சிய ஓரிடத்திலும் செல்வது யானை. அதுவும் ஊரறிய உள்ள வீதியில். அஞ்சி ஒளிந்தோடும் மன்னன் ஒருவனும் இங்கில்லை. நம் முன்னோர் மனத்தில் சுருங்கை என்றவுடன் எழுந்தது நீரின் ஓசையே என்று நான் கருதுகிறேன்.

அவ்வோசை தஞ்சையிலும் ஒலித்தது. பெரிய கோயிலின் பரந்த திருமுற்றத்தில் பெய்யும் மழை அருகிலுள்ள சிவகங்கைக் குளத்தைச் சேருமாறு வாட்டம் அமைந்திருந்தது. 16 ஆம் நூற்றாண்டில் சேவப்ப நாயக்கர் நகருக்கு மேற்கே மேட்டுநிலத்து மழைநீரைத் தேக்க ஓர் ஏரி கண்டார். சேவப்பன் ஏரி என அவர் பெயராலேயே அது வழங்கிற்று. அவ்வேரியின் நீர் தெளிந்து சிவகங்கைக் குளத்துக்கு வந்த அமைப்பை 'ஜலசூத்திரம்' என்றனர். சிவகங்கைக் குளத்திலிருந்து மேல வீதிப் பக்கத்து ஐயன் குளம் முதலிய நகரக் குளங்களுக்கு நிலத்தடிக் கால்வாய் வழியே நீர் சென்றது. தஞ்சை நகரம் காவிரிச் சமவெளியின் விளிம்பில், ஆற்று நீர் தானே ஏறி வாராத மேட்டில் அமைந்தது என்பதை நினைவிற் கொண்டால் இதன் அருமை விளங்கும். கல்லணைக் கால்வாயாகிய புது ஆறு பெரிய கோயிலின் பக்கமாக ஓடத் தொடங்கியது மேட்டூர் அணை எழுந்த 1934 ஆம் ஆண்டை ஒட்டித்தான். அதற்கு முன்னர் இந்நகர் குடித்த நன்னீரில் பெரும்பங்கு வானம் தந்ததே. விசைப்பொறி எதுவுமில்லை, மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஓடும் நீரின் இயல்பொன்றையே துணையாகக் கொண்டு, கண்ணுக்குப் புலப்படாத சிறு சரிவைத் தெருக்களுக்கடியில் அளந்து அமைத்திருக்கின்றனர். மூடி அமைத்தமையால் வெயிலில் நீர் வற்றவில்லை. தெருக் குப்பையும் கலக்கவில்லை.

சென்ற ஆண்டு எம் துறை மாணவர் சிலருடன் இவ்வழியை நிலத்தின் மேலாகவே நடந்து பார்த்தேன். சிவகங்கைப் பூங்காவில் தொடங்கி ஐயன் குளத்துப் படித்துறை வரை அரைமணி நடைகூட இல்லை. மாணவர் முகத்தில் முதலில் ஏமாற்றமே இருந்தது. இறங்கிப் பார்க்க இருள் வழி இல்லை, வௌவால் இல்லை, வாளும் இல்லை. ஐயன் குளத்தில் தண்ணீரைக் கண்டபின், "ஐயா, நாம் நடந்து வந்த தெருவுக்குக் கீழேயா இது வந்தது?" என்று ஒரு மாணவி கேட்டார். அதன்பின் திரும்பும் வழியெல்லாம் அவர்கள் தரையையே பார்த்துக்கொண்டு வந்தனர்.

இக்கால்வாய் நெடுங்காலம் தூர்ந்து, மறக்கப்பட்டுக் கிடந்தது. 2016 இல் தஞ்சை பொலிவுறு நகரத் திட்டத்தில் சேர்க்கப்பட்டபின், ஐயன் குளமும் சாமந்தான் குளமும் சீரமைக்கப்பட்டன. பழைய நிலத்தடி வழியும் தூர்வாரப்பெற்று, ஐயன் குளத்துக்கு மீண்டும் நீர் வந்தது. பாராட்டத்தக்க இச்செய்தி, புதிய சுரங்கக் கதையொன்றுக்குக் கிடைக்கும் கூட்டத்தில் பத்தில் ஒரு பங்கையும் ஈர்க்கவில்லை.

பிற நாட்டார் இவ்வகைப் பாதைகளை எவ்வாறு போற்றினர் என்பதையும் நம் மாணவர் அறிதல் நன்று. ஈரான் நாட்டில் மலையடி நீரை நிலத்தடி வழியே பல கல் தொலைவு கொணரும் 'கனாத்' முறை மிகப் பழமையானது. இராசராசன் 1010 இல் பெரிய கோயிலை நிறைவு செய்தான். ஏறத்தாழ 1017 இல் அல்கரஜீ என்னும் கணித அறிஞர் மறைந்திருக்கும் நீரை வெளிக்கொணர்தல் பற்றி அரபு மொழியில் ஒரு தனிநூலே இயற்றினார். சரிவை எவ்வாறு அளப்பது, எங்கே தோண்டுவது என்பனவெல்லாம் அதில் உண்டு. காவிரிக் கரையிலும் பாரசீகத்திலும் ஒரே தலைமுறையினர் ஒரே சிந்தனையில் இருந்தனர் போலும். அக்கலை நம் நாட்டுக்கும் வந்தது. தக்காணத்துப் பீதர் நகரில் பாமினி சுல்தான்கள் காலத்து நிலத்தடி நீர்வழிகள் உள்ளன. மத்தியப் பிரதேசத்துப் புர்ஹான்பூரில், அப்துர் ரஹீம் கான்கானான் காலத்தில் 1615 இல் அமைந்த 'குண்டி பண்டாரா' நூற்றுக்கு மேற்பட்ட கிணறுகளை ஒரே நிலத்தடி வழியால் இணைத்து ஊருக்கு நீரூட்டிற்று. கிரேக்கத்துச் சாமோசு தீவில் இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுகட்கு முன்னரே ஒரு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட நீர்ச்சுரங்கத்தை மலையின் இருபுறமிருந்தும் குடைந்து நடுவில் சந்தித்தனர். இன்று அதனைக் காண உலகெங்கணுமிருந்து மக்கள் செல்கின்றனர். ஆங்கே எவரும் மன்னனின் குதிரையைத் தேடுவதில்லை.

கதையினால் வரலாற்றில் ஆர்வம் பிறக்கிறதே, அதைக் கெடுப்பானேன் என்று நண்பர் ஒருவர் கேட்டார். ஆர்வம் பிறக்கட்டும், அது எங்கே போய்ச் சேர்கிறது என்பதே என் கவலை. 1931 இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து எஸ்.கே. கோவிந்தசாமி பெரிய கோயில் கருவறையைச் சுற்றியுள்ள இருண்ட உட்சுற்றில் நுழைந்தார். அவரும் இருட்டைத் தேடிப் போனவர்தாம். நாயக்கர் காலத்து ஓவியத்தின் அடியில் மறைந்திருந்த சோழர் ஓவியங்களை அவர் கண்டெடுத்தார். எதைத் தேடுகிறோம் என்னும் அறிவோடு சென்றமையால் கிடைத்த பயன் அது. புதையல் வேட்டைக்காரர் ஒருவர் ஆங்கே போயிருந்தால், சுவர்ப்பூச்சை உரித்து எறிந்துவிட்டுத் திரும்பியிருப்பார்.

எனவே ஊர்ப் பெரியோர்களிடமும் கல்லூரிகளிடமும் ஒரு வேண்டுகோள். சாலை அமைக்கவும் சாக்கடை வெட்டவும் கம்பி புதைக்கவும் தெருக்கள் நாள்தோறும் தோண்டப்படுகின்றன. தோண்டும் பொறிக்குப் பழைய தூம்பு எது, உடைந்த செங்கல் எது என்று தெரியாது. மேற்பார்வையாளர்க்கும் வரைபடம் இன்றித் தெரிய வழியில்லை. தோண்டுமுன் ஒரு வரைபடம் வேண்டும். அதை அரசு மட்டுமே செய்ய வேண்டுமென்பதில்லை. வரலாற்றுத்துறை பழைய ஆவணங்களைப் பார்க்கலாம். நிலவியல் மாணவர் சரிவை அளக்கலாம். தமிழ்த்துறை முதியோரிடம் சென்று குளங்களின் பெயர்களையும் வாய்க்கால்களின் பெயர்களையும் எழுதிக்கொள்ளலாம். எங்கள் ஊரில் கோயில் குளத்துக்கும் பள்ளிவாசல் குளத்துக்கும் ஒரே வாய்க்காலிலிருந்துதான் நீர் வந்தது. அவ்வாய்க்காலின் பெயர் இன்று எழுபது வயதைக் கடந்தோர்க்கே தெரியும். இப்பணியை வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே தொடங்குதல் நலம். ஐப்பசியில் முதல் பெருமழை பெய்யும் நாளில் மாணவர் சிவகங்கைக் குளத்தருகே ஒருவரும் ஐயன் குளத்தருகே ஒருவருமாக நின்று பார்த்தால், எவ்வளவு நேரத்தில் நீர் வந்து சேர்கிறது, எங்கே தடைப்படுகிறது என்பதைக் குறித்துக்கொள்ளலாம்.