பதவிப் பெயரும் கையெழுத்தும்

ஓர் அரசாங்கம் தன் உத்தியோகஸ்தர்களுக்கு இட்டு வழங்கும் பெயர்களைக் கூர்ந்து நோக்கினால், சில பெயர்கள் அவர்கள் செய்யும் தொழிலைச் சொல்வதையும், சில பெயர்கள் அவர்கள் நிற்கும் படியை மட்டும் சொல்வதையும், இன்னும் சில இரண்டில் எதையும் தெளிவாகச் சொல்லாமல் வெறும் தோரணையை உணர்த்துவதோடு நின்றுவிடுவதையும் காணலாம். நம் வருவாய்த் துறையில் இம்மூன்று வகைக்கும் உதாரணங்கள் தாராளமாகக் கிடைக்கின்றன.

பழைய கிராமத்தில் கணக்கெழுதியவர் கர்ணம், தீர்வையை வசூலித்து ஊர்க்காரியங்களைக் கவனித்தவர் மணியக்காரர், காவலுக்குத் தலையாரி, மதகைத் திறந்து வயலுக்கு வயல் முறைவைத்துத் தண்ணீர் பாய்ச்ச நீர்க்கட்டி. யாரிடம் எதற்குப் போக வேண்டும் என்று எவரும் எவரையும் விசாரிக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தத் தெளிவுக்கு ஊர் கொடுத்த விலை கொஞ்சமன்று. பதவி பரம்பரைச் சொத்தாக இருந்தது. வெட்டியான் போன்ற பெயர்களோ வேலையைச் சொல்லும் சாக்கில் பிறப்பையும் சேர்த்தே சொல்லின. ஆகவே 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு ஓர் அவசரச் சட்டத்தால் கிராம அதிகாரிகளின் பதவிகளை ஒழித்ததும், அது செல்லும் என்று 1982இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததும், தேர்வெழுதி வந்த கிராம நிர்வாக அலுவலர் அந்த இடத்தில் அமர்ந்ததும் நியாயமான காரியங்களே என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

சந்தேகமெல்லாம் அதன்பின் வழக்கிலுள்ள பெயர்களைப் பற்றியதுதான். அடிப்படியில் கிராம நிர்வாக அலுவலர். ஆட்சியருக்கு அடுத்த ஸ்தானத்தில் இருப்பவரும் மாவட்ட வருவாய் அலுவலர். தலையாரி இன்று கிராம உதவியாளர். தாலுகா ஆபீஸில் கோப்பு எழுதுகிற உதவியாளர் வேறு. இந்திய ஆட்சிப் பணியில் புதிதாகச் சேர்ந்து பயிற்சிக்கு வரும் உதவி ஆட்சியரோ முற்றிலும் வேறு. கோட்டத்தின் தலைமை நாற்காலி ஒன்றே என்றாலும், அதில் ஆட்சிப் பணிக்காரர் அமர்ந்தால் சார் ஆட்சியர் என்றும், மாநிலப் பணிக்காரர் அமர்ந்தால் வருவாய்க் கோட்டாட்சியர் என்றும் பலகை மாறுகிறது. எதிரே மனுவோடு நிற்பவருக்கு இதனால் ஆவது ஒன்றுமில்லை. பொதுஜனங்கள் கோட்டாட்சியரை ஆர்.டி.ஓ. என்று சுருக்கிக்கொண்டார்கள், அந்தச் சுருக்கத்துக்கும் வாகன லைசென்ஸ் வழங்குகிற அலுவலகம் சொந்தம் கொண்டாடுவதால், வழி கேட்டவர் ஊரின் மறுகோடிக்குப் போய்ச் சேருவதும் உண்டு!

மேலே ஏற ஏற வேடிக்கை வேறு விதம். 1772இல் வாரன் ஹேஸ்டிங்ஸ் காலத்தில் வங்காளத்தில் தோன்றிய கலெக்டர் பதவிக்கு வசூலிப்பவர் என்பதே அர்த்தம். அதற்கும் முந்தைய தாசில்தாருக்கும் அதே அர்த்தம்தான். அன்னிய அரசாங்கம் தான் வந்த காரியத்தைத் தன் அதிகாரிகளின் பெயரிலேயே ஒளிக்காமல் எழுதி வைத்திருந்தது. சுதந்திரம் வந்து, ஆட்சிமொழிச் சட்டமும் 1956இல் இயற்றப்பட்டு, பதவிகளுக்கெல்லாம் தமிழ்ப் பெயர் தேடியபோது, வசூலிப்பவர் மாவட்ட ஆட்சியர் ஆனார். தாசில்தார் வட்டாட்சியர் ஆனார். பிரஜைகள் வாக்களித்து ஆளத் தொடங்கிய காலத்தில், அவர்களுக்கு ஊழியம் செய்ய நியமிக்கப்பட்டவர்களின் பெயரில் ஆட்சி ஏறி உட்கார்ந்துகொண்டது. தமிழாக்கியவர்களுக்குத் துர்நோக்கம் ஏதுமில்லை. சொல்லைவிட அந்தஸ்தையே மொழிபெயர்த்துவிட்டார்கள், அவ்வளவுதான். கிராமத்து ஜனங்கள் இன்றுவரை கலெக்டர், தாசில்தார் என்றே சொல்லி வருவதை நான் மொழிப்பற்றின்மையாகக் கருதவில்லை.

பெயர் எதுவாயினும் ஒரு படியின் மெய்யான பொருள் அந்தப் படியில் இருப்பவர் எந்தக் காகிதத்தில் கையெழுத்திடலாம் என்பதே. சாதிச் சான்றிதழையே எடுத்துக்கொள்வோம். பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்குத் துணை வட்டாட்சியர் கையொப்பம் போதும். ஆதிதிராவிடருக்கு வட்டாட்சியர் வேண்டும். பழங்குடியினருக்கோ 1989 முதல் கோட்டாட்சியர்தான் வழங்கலாம். போலிச் சான்றுகளைத் தடுக்க உயர்ந்த படிக்கு அதிகாரத்தை ஏற்றியதாகச் சொல்லப்படும் காரணத்தை நான் மறுக்கவில்லை. ஆயினும் மலையிலிருந்து இறங்கி வருகிற குடும்பம், கிராம நிர்வாக அலுவலரிடமும் வருவாய் ஆய்வாளரிடமும் தாலுகாவிலும் காத்திருந்து, அதற்கப்பாலும் கோட்ட அலுவலகத்தின் நேர் விசாரணைக்குப் போய் நிற்க வேண்டியிருக்கிறது. அலுவலகத்துக்கு எட்டாத தூரத்தில் இருப்பவரே மிக அதிகமான படிகளை ஏற வேண்டும் என்ற இந்த ஏற்பாடு, பள்ளியில் சேர்க்க வேண்டிய பிள்ளைக்காக அலைகிற தகப்பனுக்கு எவ்விதமாகத் தோன்றும் என்பதை யோசித்துப் பார்த்தால், படிகளின் பெயர்களைத் திருத்துவது இரண்டாம்பட்சமாகிவிடுகிறது.

எனவே ஆட்சியர் என்ற பெயரை மாற்றும்படி கிளர்ச்சி செய்வதில் எனக்கு உற்சாகமில்லை. பெயர் மாறினால் ரப்பர் முத்திரைகள் மாறும், அவ்வளவுதான். செய்யத்தக்கது வேறொன்று உண்டு. தாலுகா அலுவலகங்களில் வட்டாட்சியராக இருந்தவர்களின் பெயர்களையும் அவர்கள் இருந்த காலத்தையும் வரிசையாக எழுதிய பலகை ஒன்று சுவரில் இருக்கும். அதே அளவில் இன்னொரு பலகை மாட்டி, ஒவ்வொரு படியிலும் இருப்பவர் எந்தெந்தக் காகிதத்தில், எத்தனை நாளுக்குள் கையெழுத்திட வேண்டியவர், அவர் மறுத்தால் மேல்முறையீடு எந்தப் படிக்கு என்பதைச் சுருக்கெழுத்து இல்லாமல் எழுதிவைக்கலாம். அதற்கு அவசரச் சட்டம் எதுவும் தேவையில்லை. வட்டாட்சியர் ஒருவர் மனம்வைத்தாலே போதும்.